பூவைத் திருப்பிப் பார்

உதகை,
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள துர்காவுக்கு,

நான் சுகம். பெரியப்பா, பெரியம்மா, நீ எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குளிரில் இரண்டு நாள் மூக்கடைப்பு. இப்போது சரியாகிவிட்டது என்று அம்மாவிடம் சொல்.

விடுதி ஒரு பள்ளத்தில் இருக்கிறது. சிக்னல் வேண்டுமானால் ரோடு வரைக்கும் ஏற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு ஒரு போன், அவ்வளவுதான். உன்னோடு பேசலாம் என்றால் உன் போன் எப்போதும் பெரியம்மா கையில் இருக்கிறது; ஸ்பீக்கரில் வீடே கேட்கிறது. அதனால்தான் கடிதம்.

இன்னொரு காரணமும் உண்டு. எம்.எஸ்ஸி. வந்த முதல் மாதமே புராஜெக்ட் கொடுத்துவிட்டார்கள். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் காட்டுச் செடியையும் தோட்டச் செடியையும் ஜோடி சேர்த்து, எதை வைத்துப் பிரிப்பது என்று எழுத வேண்டும். மலையில் இருப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆரணிப் பக்கம் இருப்பதை நீதான் பறித்து, காயவைத்து, தாளில் ஒட்டி அனுப்ப வேண்டும். போட்டோ வேண்டாம், நிறம் மாறிவிடுகிறது.

இத்துடன் பூவும் காயுமாக இரண்டு காசித்தும்பை வைத்திருக்கிறேன். ஒன்று விடுதித் தோட்டத்தில் பறித்தது, இன்னொன்று ஓடைக்கரையில். காய்ந்த பிறகு எது எது என்று எனக்கே தெரியவில்லை.

அப்பா, படித்து முடித்ததும் இதைப் பூவோடு துர்காவிடம் கொடுத்துவிடுங்க. பூவை உதறிவிடாதீங்க.

அன்புடன்,
சரண்யா


ஆரணி,
13 ஆகஸ்ட் 2024

அன்புள்ள சரண்யா,

இங்கே எல்லோரும் நல்லபடியாக இருக்கிறோம். தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு வெளியே போகாதே என்று சித்தி எழுதச் சொன்னார்.

உன் கடிதம் நூல் கடைக்குத்தான் வந்தது. சித்தப்பா பிரித்து, கடையில் இருந்த இரண்டு பேருக்குப் படித்துக் காட்டிவிட்டு, அப்புறம்தான் வீட்டு மாடிக்குக் கொடுத்தனுப்பினார். இனியும் அப்படித்தான் செய்வார். நான் எழுதுவதை நானே போஸ்ட் ஆபீஸில் போடுகிறேன். ஆகையால் நான் எதையும் எழுதலாம். நீதான் பார்த்து எழுத வேண்டும்.

காசித்தும்பைக்கு வருகிறேன். பூவைப் பார்த்தால் ஏமாந்துபோவாய். காயைப் பார். வெல்வெட் மாதிரி மயிர் இருந்தால் தோட்டத்துச் செடி. மற்றதன் காய் வழுவழுவென்று இருக்கிறது; அதுதான் ஓடைக்கரையில் பறித்தது. மூன்று வருஷமும் உனக்குச் சொன்னது இதைத்தான். பூவைத் திருப்பிப் பார். முன்பக்கம் கண்ணைக் கவர்வதற்கு. பின்பக்கம்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

நான் ஒரு டிசைன் சென்டரில் சேர்ந்திருக்கிறேன். பட்டுப் புடவைக்குக் கம்ப்யூட்டரில் புட்டா வரையும் வேலை. கட்டம் கட்டமாகப் பூ, முன்பக்கம் மட்டும். "இது இன்னா பூம்மா?" என்று முதலாளி கேட்டார். "பூதான் சார்" என்றேன்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? மார்க் எனக்குத்தான் அதிகம். "ரெண்டு பொண்ணையும் அவ்ளோ தூரம் அனுப்ப முடியாது. வாய் இருக்கிற பொண்ணு போவட்டும்" என்று சித்தப்பாவும் அப்பாவும் முடிவு செய்தபோது நான் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். நம் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவர்கள் நாம் இரண்டு பேர். அதில் ஒருத்தி மேலே படிக்கப் போனாள் என்று சந்தோஷப்பட வேண்டும். படுகிறேன்.

கல்லூரியில் முகஜாடையால் என்னைச் சரண்யா என்று கூப்பிடுவார்களே, நானும் திருத்தாமல் "எஸ் மேம்" என்பேனே. நேற்று பஸ் ஸ்டாண்டில் நம் மேடம் ஒருவர், "என்ன சரண்யா, ஊட்டி போகலையா?" என்றார். "போகணும் மேம்" என்றேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

துர்கா


உதகை,
15 செப்டம்பர் 2024

அன்புள்ள துர்கா,

நலமாக இருக்கிறேன். எல்லோரையும் கேட்டதாகச் சொல். புது வேலையில் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

போன வாரம் செமினார். காசித்தும்பை ஜோடியைக் காட்டினேன். "முன்பக்கம் கண்ணைக் கவர்வதற்கு, பின்பக்கம்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கும்" என்று சொன்னதும் வகுப்பே கை தட்டியது. இங்கே அருள்மணி என்று ஆராய்ச்சி செய்கிறவர் ஒருவர் இருக்கிறார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் நேராக வந்து, "இதை யார் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். இப்போது எங்கள் குழுவில் நாலு பேரையும் செடி பறிக்க அருள்மணிதான் கூட்டிக்கொண்டு போகிறார். எந்தச் சரிவில் எது பூக்கும் என்று அவருக்கு அத்துப்படி.

நீ அனுப்பப்போகும் ஜோடிகளுக்குக் காத்திருக்கிறேன். அப்பா, மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுங்க.

உன் சரண்யா


ஆரணி,
24 செப்டம்பர் 2024

அன்புள்ள சரண்யா,

நாங்கள் நலம். சித்தப்பா மாத்திரை சாப்பிடுகிறார்.

இரண்டு ஜோடி அனுப்புகிறேன். கோழிக்கொண்டையும் பண்ணைக்கீரையும் ஒன்று. தேவிகாபுரம் பஸ்ஸில் போய், வேர்க்கடலைக் கொல்லையிலிருந்து பண்ணைக்கீரையைப் பறித்துவந்தேன். பட்டு ரோஸும் பருப்புக்கீரையும் இன்னொன்று. பட்டு ரோஸ் எதிர்வீட்டுத் தொட்டியில் பறித்தது. பருப்புக்கீரை சாயப்பட்டறைக்குப் பின்னால், சாக்கடை ஓரம். லேபிள் எல்லாம் சரியாக எழுதியிருக்கிறேன்.

"சிரித்துவிட்டு வந்துவிட்டேன்" என்று எழுதியிருந்தாய். என் பெயர் மூன்று எழுத்துதான். சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

அந்த அருள்மணி உங்கள் சீனியரா? நல்லவளா? எல்லாம் தெரிந்தவளாக இருந்தால் ஒருத்திக்குச் சொல்லிக்கொடுக்க இரண்டு பேர் எதற்கு என்று கேட்கிறேன், வேறொன்றுமில்லை. நாம் கல்லூரிக்குப் பின்னால் ஏரிக்கரையில் செடி பறித்தபோது நீ கிளையை வளைப்பாய், நான் பார்ப்பேன். இப்போது கிளையை வளைத்துக்கொடுக்கிறாயா அவளுக்கும்?

தலைவலி. இத்துடன் நிறுத்துகிறேன்.

துர்கா


உதகை,
27 அக்டோபர் 2024

அன்புள்ள துர்கா,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. பரீட்சை. உன் தலைவலி எப்படி இருக்கிறது? தீபாவளிக்கு வர முடியாது என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அம்மாவை நீதான் சமாதானம் செய்ய வேண்டும்.

உன் தாள்கள் அழகாக வந்து சேர்ந்தன. ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும். பருப்புக்கீரை என்று நீ எழுதியிருந்ததை அருள்மணி லென்ஸ் வைத்துப் பார்த்தார். காயைச் சுற்றி மெல்லிய வளையம் இருக்கிறதாம். கீரைக்கு அந்த வளையம் கிடையாதாம். அது தட்டை இலை பட்டு ரோஸ், யார் வீட்டுத் தொட்டியிலிருந்தோ விழுந்து சாக்கடை ஓரம் முளைத்திருக்கிறது என்றார். "திருப்பிப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்று சிரித்தார். நான் லேபிளை மாற்றிவிட்டேன். அருள்மணி நல்ல மாதிரிதான், கிண்டல் செய்யவில்லை. அருள்மணிக்கும் முதலில் சந்தேகமாகத்தான் இருந்ததாம்.

கோபித்துக்கொள்ளாதே.

சரண்யா


ஆரணி,
2 டிசம்பர் 2024

சரண்யாவுக்கு,

இங்கு யாருக்கும் ஒன்றுமில்லை. மழை.

சாயப்பட்டறைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். வளையம் இருக்கிறது. என் வாக்கியத்தை எனக்கே திருப்பிச் சொல்ல ஓர் ஆள் கிடைத்திருக்கிறாள். அது என் வாக்கியம் என்று அவளுக்குத் தெரியாது என்பதுதான் இதில் அழகு.

இனி சந்தேகம் இருந்தால் அவளிடமே கேள்.

துர்கா


உதகை,
16 டிசம்பர் 2024

அன்புள்ள துர்காவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று உண்மையாகவே கேட்கிறேன். ஐந்து வாரம் கடிதம் வராமல், வந்ததும் ஐந்து வரி. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. (அம்மா, இப்போது சாப்பிடுகிறேன்.)

நேற்று எல்லோருமாக அருவிப் பக்கம் போனோம். பாறை இடுக்கில் காட்டு பிகோனியா. நம் ஊரில் தொட்டியில் வைத்து விற்பார்களே, அதன் சொந்தக்காரி மாதிரி. அங்கே வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். செமினாரில் நான் சொன்னது உன் வாக்கியம், மார்க் உனக்குத்தான் அதிகம், வாய் இருந்ததால் நான் வந்தேன், எல்லாம். ஊரில் என் அக்கா ஒருத்தி இருக்கிறாள் என்று ஆரம்பித்தேன், முடிக்கும்போது மழை வந்துவிட்டது. மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். அருள்மணி ஒரு பூவைத் திருப்பி, நனைந்துகொண்டே குனிந்து பார்த்தான். அப்புறம், "உங்க துர்கா இங்க வந்திருக்கணும்" என்றார்.

இதற்கு மேல் என்ன எழுத என்று தெரியவில்லை. நீ எழுது.

உன் சரண்யா


ஆரணி,
26 டிசம்பர் 2024

அன்புள்ள சரண்யா,

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். நீ சாப்பிடு.

சொன்னார், சிரித்தார், கேட்டார் என்று மூன்று மாதமாக எழுதினாய். மரியாதைக்கு எழுதுகிறாய் என்று நினைத்து நானாகவே 'அவள்' என்று வைத்துக்கொண்டேன். நீ ஒரு தடவைகூடத் திருத்தவில்லை. இந்தக் கடிதத்தில் ஒரே ஓர் இடத்தில், மழையில், 'பார்த்தான்' என்று இருக்கிறது. அடுத்த வரியிலேயே மறுபடி 'என்றார்'. சித்தப்பா கடையில் வேகமாகப் படித்ததில் கவனிக்கவில்லை. நான் மூன்று தடவை படித்தேன்.

இத்தனை நாள் ஒரு பெண்மீது பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன். இனி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஆனால் நான் ஒரு தடவை வளையத்தைக் கவனிக்காமல் லேபிள் எழுதியவள். எனக்கு நிச்சயமாகத் தெரிய வேண்டும். எழுத்தில் பதில் போடாதே. சித்தப்பாவுக்குத் தெரிந்தால் அடுத்த பரீட்சை வரைகூட உன்னை அங்கே விட்டுவைக்க மாட்டார் என்பது உனக்கே தெரியும். சித்தி இப்போதே வெம்பாக்கத்து மாப்பிள்ளை ஒருவரின் ஜாதகத்தை வைத்துக்கொண்டிருக்கிறார்.

பிகோனியாவில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. பெண் பூவுக்கு இதழ்களுக்குப் பின்னால் மூன்று இறக்கை வைத்த சூல்பை இருக்கும். ஆண் பூவுக்கு வெறும் காம்புதான். உண்மை எதுவோ அந்தப் பூவைக் கடிதத்தில் வை. நான் திருப்பிப் பார்த்துக்கொள்கிறேன்.

துர்கா


உதகை,
6 ஜனவரி 2025

அன்புள்ள துர்கா,

நான் நலம். அங்கே அனைவருக்கும் என் பொங்கல் வாழ்த்துகள். இங்கே காலையில் புல்லெல்லாம் உறைபனி. அப்பா அனுப்பிய ஸ்வெட்டர் சரியாக இருக்கிறது.

நீ கேட்ட பிகோனியாப் பூ ஒன்று வைத்திருக்கிறேன். பத்திரமாகக் காயவைத்ததுதான். உன்னைத் தவிர வேறு யாருக்கும் இதை அனுப்ப எனக்கு மனம் வந்திருக்காது.

உன் சரண்யா


ஆரணி,
20 ஜனவரி 2025

அன்புள்ள சரண்யா,

பொங்கல் நல்லபடியாக முடிந்தது. உன் வாழ்த்தைச் சித்தப்பா கடையில் மூன்று பேருக்குப் படித்துக் காட்டினார். பூவை உதறவில்லை.

திருப்பிப் பார்த்தேன். வெறும் காம்பு.

போகியன்று மார்க்கெட்டில் ஓர் அம்மா, ரோட்டோரம் அழகுக்கு வைத்திருக்கும் மஞ்சள் பூமரத்துக் கொத்தை ஆவாரம்பூ என்று விற்றுக்கொண்டிருந்தார். ஆவாரைக்கு இலைக்காம்பின் அடியில் காது மாதிரி இரண்டு சிற்றிலை இருக்கும். அதில் இல்லை. சொல்ல வாய் வரவில்லை. ஒரு கட்டு வாங்கிக்கொண்டு வந்து, அதையே வாசலில் கட்டினோம்.

காணும் பொங்கலன்று சாப்பிட்டுவிட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது சித்திதான் ஆரம்பித்தார்.

"துர்கா, அந்த அருள்மணி ஆம்பளையா பொம்பளையா? எங்க சின்ன மாமா பேரு அருள்மணிதான்."

"நம்ம பேங்க்ல கீதே ஒரு அம்மா, அது பேரும் அருள்மணிதான். நீ சும்மா கெட" என்றார் சித்தப்பா. ஆனால் முகம் மாறிவிட்டது. "லெட்டருங்கள எடுத்துக்கினு வா, துர்கா" என்றார்.

கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். இந்தத் தடவை வாய்விட்டுப் படிக்கவில்லை. அருவிக் கடிதத்தில் விரலை வைத்து நிறுத்தினார்.

"இன்னா இது? 'பார்த்தான்'னு கீது."

சித்தி எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். அப்பா டிவியின் சத்தத்தைக் குறைத்தார். சித்தப்பா கொஞ்ச நேரம் என்னிடம் தனியாக ஏதேதோ பேசினார். அப்புறம் மறுபடி அந்த எழுத்தில் விரலை வைத்தார்.

"உனுக்குத் தெரியாம இருக்காது. சொல்லு. இது இன்னா எழுத்து?"

"அது 'ள்' சித்தப்பா" என்றேன்.

"இன்னாது?"

"பார்த்தாள். அவ கையெழுத்துல 'ள்'ளும் 'ன்'னும் ஒரே மாதிரிதான் இருக்கும். சுழியப் பாருங்க." அதே பக்கத்தில் 'என் அக்கா ஒருத்தி இருக்கிறாள்' என்று நீ எழுதியிருந்ததைக் காட்டினேன். "இதுவும் அதுவும் ஒண்ணுதானே? மொதல்ல சீனியர்னு மரியாதையா எழுதிக்கினு இருந்தா. இப்போ சிநேகிதி ஆயிட்டாங்க. அதான்."

வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். சித்தியிடம் காட்டினார். "ரெண்டும் ஒண்ணுதான்டி கீது" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நல்லாத் தெரியுமா உனுக்கு?" என்றார்.

"தெரியும்."

"நீ சொன்னா சரி. காபி போடு."

இனி 'அருள்மணி அக்கா' என்றே எழுது. உன் 'ன்'களைக் கொஞ்சம் அவசரமாக எழுதிப் பழகிக்கொள்.

துர்கா


உதகை,
2 பிப்ரவரி 2025

அன்புள்ள துர்கா,

நலம். அருள்மணி அக்காவும் உன்னை விசாரித்தார்.

இன்று அப்பாவிடம் போனில் பேசினேன். காணும் பொங்கல் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "'அது ஆம்பளன்னா ஒளிக்காம சொல்லிடும்மா, அவள இட்டுக்கினு வந்துட்டு அந்த எடத்துக்கு வர்ற வருஷம் உன்ன அனுப்பறேன்'னு துர்காகிட்ட சொன்னேன். அப்பக்கூட அது பொண்ணுதான்னு நிக்குது. இன்னொருத்தியா இருந்தா இதான் சாக்குன்னு மாத்தி சொல்லியிருப்பா. அந்தப் பொண்ணுகிட்ட கத்துக்கோ நீ" என்றார்.

இதை நீ எனக்கு எழுதவில்லை. 'ஏதேதோ பேசினார்' என்று மட்டும் எழுதியிருக்கிறாய்.

இந்த வரிக்குக் கீழே எழுதிய எல்லாவற்றையும் கிழித்துவிட்டேன். நன்றி என்று மட்டும் எழுதுகிறேன். அப்பா, ஸ்வெட்டருக்காக உங்களுக்கும்தான் நன்றி.

உன் சரண்யா


ஆரணி,
11 பிப்ரவரி 2025

அன்புள்ள சரண்யா,

நான் சுகமாக இல்லை. காய்ச்சல் எல்லாம் இல்லை, பயப்படாதே.

நன்றியைத் திருப்பி அனுப்புகிறேன். பெருந்தன்மை என்று ஒன்றை என்மீது ஏற்றி வைக்காதே. சித்தப்பா எழுத்தில் விரலை வைத்தபோது என் நாக்கின் நுனியில் 'ன்' இருந்தது. நீ பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்குவதும், நான் அதே பெட்டியோடு ஏறுவதும் கண்ணில் தெரிந்தது. நன்றாகத்தான் இருந்தது அந்தக் காட்சி. அப்புறம் அங்கே போய் இறங்கிய என்னை யாரோ "சரண்யா" என்று கூப்பிட்டார்கள். நானும் "எஸ் மேம்" என்றேன். அந்த இடத்தில்தான் நாக்கு புரண்டது. உன் இடத்தில் நான் போனால் அங்கேயும் நீயாகத்தான் இருப்பேன். அது எனக்கு வேண்டாம். அவ்வளவுதான் காரணம்.

பொறாமை போய்விட்டதா என்று நீ கேட்க மாட்டாய், நானே சொல்கிறேன். போகவில்லை. உன் இடத்தின்மேல் எனக்கு இருப்பது ஒன்று, உன்னை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டவன்மேல் இருப்பது ஒன்று. இரண்டும் ஒரே ஜாடை. திருப்பிப் பார்த்தாலும் பிரிக்க முடியவில்லை.

நேற்று நூல் கடைக்குப் போனேன். அப்பாவும் இருந்தார். "எம்.எஸ்ஸி.க்கு ஒரு அப்ளிகேஷன் போடணும்" என்றேன்.

"சரண்யா எடத்துக்கா? அதான் அவ வரலியே" என்றார் சித்தப்பா.

"அவ எடத்துக்கு இல்ல. அவ அங்க படிக்கட்டும். நான் எனக்குப் போடறேன். எங்க கெடைக்குதோ அங்க."

சித்தப்பா நூல் கண்டைக் கீழே வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தார். "இன்னாண்ணா இது, இந்தப் பொண்ணு பேசுது" என்றார். வீட்டுக்குப் போகும் வழியில் அப்பா, "கடைசி தேதி எப்போ?" என்று மட்டும் கேட்டார்.

உன் பிகோனியாவைத் தாளில் ஒட்டிவிட்டேன். சித்தப்பா இப்போதெல்லாம் என் தாள்களை எடுத்துப் பார்க்கிறார், ஆகையால் கீழே 'பெண் பூ' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் வைத்திருக்கிறேன். தெரிந்தே நான் எழுதிய தப்பான லேபிள் இது ஒன்றுதான். என் லேபிள்களைத் திருத்துவது அருள்மணிக்குப் பிடித்த வேலையாயிற்றே. இதையும் ஒருநாள் இந்த வீட்டுக்கு வந்து, சித்தப்பா முன்னால் உட்கார்ந்து, அவனே திருத்தட்டும்.

குளிரில் வெறும் காலோடு நடக்காதே.

துர்கா